முதல் ஏற்றுமதிக்கு முன்: ஐஇசி எண் வாங்குவது முதல் ஷிப்பிங் பில் வரை

ஈரோட்டில் அரைத்த மஞ்சள் தூளைக் கோயம்புத்தூருக்கு அனுப்ப ஜிஎஸ்டி பில்லும் இ-வே பில்லும் போதும். அதே மூட்டை தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்கோ துபாய்க்கோ போக வேண்டுமானால், உள்ளே என்ன சரக்கு என்று பார்ப்பதற்கு முன்பே சுங்கத்துறை கேட்கும்: அனுப்புகிறவர் யார்? இந்தியாவில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் எண்தான் ஐஇசி. இறக்குமதியாளர் ஏற்றுமதியாளர் குறியீட்டு எண் என்பது அதன் முழுப் பெயர். சந்தையில் எல்லோரும் ஐஇசி என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

1992-ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, இந்த எண் இல்லாமல் யாரும் ஏற்றுமதியோ இறக்குமதியோ செய்யக்கூடாது என்கிறது. சட்டத்தை மீறினால் 11-ஆவது பிரிவின்படி குறைந்தது 10,000 ரூபாய் அபராதம். அதிகபட்சமாகச் சரக்கு மதிப்பைப் போல் ஐந்து மடங்கு வரை போகலாம். எண்ணைக் கொடுப்பது மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழுள்ள டிஜிஎஃப்டி, அதாவது வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம். அந்த எண்ணை வைத்து நம்மை அடையாளம் காண்பது நிதி அமைச்சகத்தின் கீழுள்ள சுங்கத்துறை. இவை இரண்டு தனித்தனி அரசுத் துறைகள், இரண்டு தனித்தனி இணையதளங்கள். புதியவர்கள் பாதிக் குழப்பத்தில் சிக்குவது இதைப் பிரித்துப் பார்க்காததால்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐஇசி எண் வாங்குவது கடினமான வேலை அல்ல. அரசுக் கட்டணம் 500 ரூபாய். தாள்கள் சரியாக இருந்தால் வீட்டில் உட்கார்ந்தபடியே விண்ணப்பித்து வாங்கிவிடலாம். ஆட்கள் தடுமாறுவது அதற்கு முன்னும் பின்னும்தான்: முன்னால் பெயரும் முகவரியும் தாளுக்குத் தாள் மாறிக் கிடப்பதில், பின்னால் ஏற்றுமதிப் பணம் வரும் வங்கிக் கிளையின் குறியீடான ஏடி கோடைச் சுங்கத்துறையிடம் பதியாமல் விட்டுவிடுவதில். அதனால் இந்தக் கட்டுரையில் விண்ணப்பத்தைவிட அந்த இரண்டு இடங்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

வியாபாரத்துக்காகச் சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பும், அங்கிருந்து வரவழைக்கும் எல்லோருக்கும் தேவை. கன்டெய்னர் கணக்கில் அனுப்புகிறவர் என்றில்லை. வீட்டில் செய்த தஞ்சாவூர் ஓவியத்தை ஆன்லைனில் விற்றுத் தபாலில் அனுப்புகிறவருக்கும் இதே விதிதான். சொந்த உபயோகத்துக்கு ஒரு பொருளை வரவழைப்பவருக்குத் தேவையில்லை. அந்தப் பொருள் வியாபாரத்துக்கோ உற்பத்திக்கோ விவசாயத்துக்கோ தொடர்பில்லாததாக இருக்க வேண்டும். மென்பொருள், வடிவமைப்பு போன்ற சேவைகளை மட்டும் விற்பவர்கள், வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின் கீழ் சலுகை எதையும் கேட்காதவரை ஐஇசி இல்லாமலே இருக்கலாம்.

எந்தப் பெயரில் வாங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஜிஎஸ்டி வந்த 2017 முதல் ஐஇசிக்குத் தனி எண் கிடையாது; உங்கள் பான் எண்ணே ஐஇசி எண். ஆனால் பான் அட்டை இருப்பதாலேயே ஐஇசி இருப்பதாக ஆகிவிடாது. டிஜிஎஃப்டியிடம் விண்ணப்பித்து, அந்தப் பானை ஐஇசியாகச் செயல்படுத்தியாக வேண்டும். ஒரு பானுக்கு ஒரு ஐஇசிதான்; எத்தனை கிளைகள் இருந்தாலும் அதே எண்ணின் கீழ் கிளை முகவரிகளாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பான் எண்ணின் நான்காவது எழுத்தைப் பாருங்கள். ‘பி’ என்றால் தனிநபர், ‘எஃப்’ என்றால் கூட்டு நிறுவனம், ‘சி’ என்றால் கம்பெனி. நீங்கள் தனி உரிமையாளராகக் கடை நடத்தினால், கடைக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் சுங்கத்துறையின் கணக்கில் நீங்கள்தான் ஏற்றுமதியாளர். உங்கள் சொந்தப் பான்தான் ஐஇசி. நாளைக்கு மகனைச் சேர்த்துக் கூட்டு நிறுவனமாக்கினாலோ பிரைவேட் லிமிடெட் ஆக்கினாலோ பான் மாறும். அதோடு ஐஇசியும் புதிதாக வாங்க வேண்டும், அதைத் தொடர்ந்து வங்கி, சுங்கம், ஜிஎஸ்டி என எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஆறு மாதத்தில் கம்பெனி ஆக்கும் எண்ணம் உறுதியாக இருந்தால், அதை முதலில் முடித்துவிட்டு ஐஇசி வாங்குவதே நல்லது. அந்த எண்ணம் தெளிவாக இல்லையென்றால் தயங்காமல் சொந்தப் பெயரிலேயே தொடங்குங்கள். சிறு வியாபாரத்துக்கு அது தாராளமாகப் போதும்.

இனிஷியல் என்னும் பெரிய தொல்லை

தமிழ்நாட்டு விண்ணப்பதாரர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். பான் விண்ணப்பமோ பெயரிலும் குடும்பப் பெயரிலும் வெறும் முதலெழுத்தை ஏற்காது. ஆகவே மு. செல்வக்குமார் என்பவர் பானில் செல்வக்குமார் முருகேசன் ஆகிறார், அல்லது முருகேசன் செல்வக்குமார் ஆகிறார். ஆதாரில் செல்வக்குமார் மு என்று இருக்கும். வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் முன்னால் வந்திருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு இடத்தில் இரட்டை ‘எல்’, ஒரு இடத்தில் ஒற்றை ‘எல்’. ஊரில் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. கணினிக்கு இவர்கள் மூன்று வேறு ஆட்கள்.

டிஜிஎஃப்டி தளம் நீங்கள் தட்டும் பெயரையும் பிறந்த தேதியையும் வருமான வரித்துறையின் பதிவோடு ஒப்பிடும். அட்டையில் அச்சாகியிருக்கும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். வருமான வரித் தளத்தில் நுழைந்து, அங்கே உங்கள் பெயர் எந்த வரிசையில், எந்த எழுத்துகளில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் இனி உங்கள் அசல் பெயர். ஆதார் வேறுபட்டால் ஆதாரைத் திருத்துங்கள். வங்கிக் கணக்கில் வேறுபட்டால் வங்கியில் திருத்துங்கள். ஆதார் ஓடிபி மூலம் கையெழுத்திடப் போகிறீர்கள் என்றால், ஆதாரோடு இணைத்த கைபேசி எண் இன்னும் உங்கள் கையில் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். திருத்தத்துக்காகச் சில வாரங்கள் போகலாம். போகட்டும். சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போது திருத்த ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

முகவரிக்கும் இதே கவனம் வேண்டும். மின்கட்டண ரசீதில் பழைய கதவு எண் இருக்கும், ஜிஎஸ்டி சான்றிதழில் புதிய எண் இருக்கும். ஒன்றில் தெருப் பெயர், மற்றொன்றில் நகர்ப் பெயர். ஒரு முகவரியை முடிவு செய்து, ஜிஎஸ்டி, வங்கி, ஐஇசி மூன்றிலும் காற்புள்ளி உட்பட ஒரே மாதிரி எழுதுங்கள். பழைய எண், புதிய எண் இரண்டும் வழக்கில் இருந்தால் இரண்டையும் சேர்த்தே எல்லா இடத்திலும் கொடுக்கலாம்.

இடம் உங்கள் பெயரில் இல்லையென்றால் கவலை வேண்டாம். வாடகை ஒப்பந்தம் போதும். அப்பா பெயரிலோ மாமனார் பெயரிலோ உள்ள வீடு என்றால், அவர் தரும் ஆட்சேபணை இல்லாக் கடிதத்தையும் அவர் பெயரிலுள்ள மின்கட்டண ரசீதையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக இணைத்துக் கொடுக்கலாம். கடிதத்தில் உங்கள் நிறுவனப் பெயர், முழு முகவரி, அங்கே வியாபாரம் நடத்த அனுமதி என்ற வரி, அவருடைய கையெழுத்து ஆகியவை இருக்கட்டும்.

வங்கிக் கணக்கு

ஏற்றுமதிப் பணம் வந்து சேர நிறுவனத்தின் பெயரில் நடப்புக் கணக்கு வேண்டும். விண்ணப்பத்தோடு ரத்து செய்த காசோலை ஒன்றை இணைக்க வேண்டும். அந்தக் காசோலையில் நிறுவனத்தின் பெயர் அச்சாகி இருக்க வேண்டும். புதிய கணக்குக்கு வங்கிகள் முதலில் தரும் காசோலைப் புத்தகத்தில் பெரும்பாலும் பெயர் இருக்காது. பேனாவால் எழுதிச் சேர்க்க முயலாதீர்கள். பெயர் அச்சிட்ட புத்தகம் வரும்வரை காத்திருங்கள், அல்லது கிளை மேலாளரிடம் கணக்குச் சான்றிதழ் வாங்கி அதை இணையுங்கள்.

தனி உரிமையாளர் கணக்கைக் கடை பெயரில் திறக்க, கடை இருப்பதற்கான சான்றை வங்கி கேட்கும். ஜிஎஸ்டி சான்றிதழும், குறு சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யமும் அங்கே கைகொடுக்கும். இரண்டுக்கும் அரசுக் கட்டணம் கிடையாது. வரிக்கு உட்பட்ட சரக்கை ஏற்றுமதி செய்கிறவர் பொதுவாக விற்றுமுதல் குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு பெற்றாக வேண்டும் என்பதால், அதை முதலிலேயே முடித்துவிடுவது புத்திசாலித்தனம். எனவே நான் சொல்லும் வரிசை: பான் பெயர் சரிபார்ப்பு, உத்யம், ஜிஎஸ்டி, நடப்புக் கணக்கு, அதன் பிறகே ஐஇசி.

கணக்கு திறக்கும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கிளையில் அந்நியச் செலாவணி வேலை நடக்கிறதா? எல்லாக் கிளைகளிலும் நடப்பதில்லை. சில கிளைகள் ஏற்றுமதித் தாள்களை வேறு ஊரிலுள்ள பெரிய கிளைக்கு அனுப்பி வேலை வாங்குகின்றன. அந்த வேலை தெரிந்த கிளையில் கணக்கு வைத்தால் பின்னால் பல நாள் அலைச்சல் குறையும். வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பது இங்கே நல்ல காரணம் அல்ல.

விண்ணப்பம்

இணையதள முகவரி ‘டிஜிஎஃப்டி டாட் ஜிஓவி டாட் இன்’. கடைசியில் ஜிஓவி டாட் இன் இருக்கிறதா என்று பாருங்கள். தேடுபொறியில் தட்டினால் விளம்பரமாக மேலே வரும் தளங்கள் பல தனியாருடையவை. அரசுத் தளம் போலவே வண்ணமும் சின்னமும் வைத்துக்கொண்டு, 500 ரூபாய் வேலைக்குச் சில ஆயிரங்கள் கேட்கின்றன. ஆடிட்டரையோ தெரிந்த முகவரையோ வைத்துச் செய்வதில் தவறில்லை. தெரியாத தளத்தில் பானையும் ஆதாரையும் பதிவேற்றுவதுதான் ஆபத்து.

தளத்தில் இறக்குமதியாளர் அல்லது ஏற்றுமதியாளர் என்ற வகையில் புதிய பயனராகப் பதிவு செய்யுங்கள். மின்னஞ்சலுக்கும் கைபேசிக்கும் ஓடிபி வரும். இங்கே உங்கள் சொந்த மின்னஞ்சலையும் சொந்தக் கைபேசி எண்ணையும் மட்டுமே கொடுங்கள். முகவர் தன் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்துவிட்டால், பின்னாளில் ஒரு சிறு மாற்றத்துக்கும் ஓடிபி அவருக்கே போகும். அவர் தொழிலை விட்டுவிட்டாலோ உங்களோடு மனத்தாங்கல் வந்துவிட்டாலோ, உங்கள் எண்ணை நீங்களே திறக்க முடியாமல் நிற்பீர்கள். முகவரே விண்ணப்பம் நிரப்பினாலும், நீங்கள் பக்கத்தில் இருந்து ஓடிபி சொல்லுங்கள். கடவுச்சொல் உங்களிடமே இருக்கட்டும்.

உள்நுழைந்ததும் ஐஇசிக்கு விண்ணப்பிக்கும் பகுதி முகப்பிலேயே இருக்கும். முதல் பக்கம் நிறுவன விவரம்: எந்த வகை நிறுவனம், பான், பானில் உள்ள பெயர், பிறந்த தேதி அல்லது நிறுவனம் தொடங்கிய தேதி, நிறுவனப் பெயர், ஜிஎஸ்டி எண், முகவரி. கிளைகள் இருந்தால் இங்கேயே சேர்க்கலாம். திருப்பூரில் அலுவலகமும் பெருந்துறையில் கிடங்கும் இருந்தால் கிடங்கையும் சேர்த்துவிடுங்கள். அடுத்தது உரிமையாளர் அல்லது பங்குதாரர்கள், இயக்குநர்கள் விவரம். கூட்டு நிறுவனத்தில் எல்லாப் பங்குதாரரையும் சேர்க்க வேண்டும். பிறகு வங்கி விவரம்; கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, ரத்து செய்த காசோலையின் நகல். அதன்பின் எந்தத் துறையில் ஏற்றுமதி செய்யப்போகிறீர்கள் என்ற கேள்வி. மஞ்சளில் தொடங்கி நாளைக்குத் தேங்காய் நாருக்குப் போனாலும் இதனால் தடையில்லை. இப்போது உண்மையாக இருப்பதைக் குறிப்பிட்டால் போதும்.

கடைசிப் பக்கத்தில் நிரப்பிய முழு விண்ணப்பமும் ஒரே தாளாகத் தெரியும். அவசரப்படாமல் அதை அச்சிட்டு, நீங்கள் முன்பே எழுதி வைத்த தாளோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். திருப்தியானதும் ஆதார் ஓடிபி மூலமோ டிஜிட்டல் கையொப்பக் கருவி மூலமோ கையெழுத்திட்டு, 500 ரூபாயை இணையத்திலேயே செலுத்துங்கள். சான்றிதழ் மின்னஞ்சலுக்கு வரும், தளத்திலும் தரவிறக்கலாம். இப்போதெல்லாம் எண் பெரும்பாலும் கணினி வழியாகத் தானாகவே வழங்கப்படுகிறது, சரிபார்ப்பு பின்னால் நடக்கிறது. ஆகவே எண் வந்துவிட்டதாலேயே தாள்கள் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. கொடுத்த தகவல் தவறு என்று பின்னால் தெரிந்தால் எண்ணை நிறுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

நேரில் கேட்டுத் தெளிய வேண்டியது ஏதேனும் இருந்தால், தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய ஊர்களில் டிஜிஎஃப்டியின் மண்டல அலுவலகங்கள் உள்ளன.

எண் வந்த பிறகு: ஏடி கோடும் ஐஸ்கேட்டும்

பலர் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு நேராக ஆர்டர் பிடிக்கப் போகிறார்கள். சரக்கு கிடங்கிலிருந்து கிளம்பும் நாளில் சுங்க முகவர் போனில் கேட்பார்: “ஏடி கோடு ரிஜிஸ்டர் ஆகியிருக்கிறதா?”

ஏற்றுமதிப் பணத்தைப் பெற்றுத்தரும் அதிகாரம் பெற்ற வங்கிக் கிளைக்கு ரிசர்வ் வங்கி வழங்கிய குறியீடுதான் ஏடி கோடு. இந்தச் சரக்குக்கான பணம் இந்த வங்கி வழியாக வரும் என்று சுங்கத்துறைக்குச் சொல்வது இதுதான். இது பதிவாகாமல் ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்துறையிடம் கொடுக்கும் ஏற்றுமதி அறிவிப்பு, போட முடியாது. வங்கியிடம் கடிதம் கேளுங்கள். லெட்டர்ஹெட்டில், நீங்கள் சரக்கு அனுப்பும் துறைமுகத்தின் சுங்க அதிகாரிக்கு எழுதியதாக, உங்கள் நிறுவனப் பெயர், ஐஇசி, கணக்கு எண், ஏடி கோடு ஆகியவற்றுடன், கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தருவார்கள்.

அதைப் பதியும் இடம் ஐஸ்கேட், அதாவது சுங்கத்துறையின் மின்னணு வாசல். அங்கே ஐஇசி வைத்திருப்பவராகப் பதிவு செய்ய டிஜிட்டல் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வங்கிக் கணக்குப் பகுதியில் ஏடி கோடைச் சேர்த்து, துறைமுகத்தைத் தேர்ந்தெடுத்து, வங்கிக் கடிதத்தைப் பதிவேற்ற வேண்டும். தூத்துக்குடிக் கடல்வழிக்கு ஐஎன்டியுடி1, சென்னைத் துறைமுகத்துக்கு ஐஎன்எம்ஏஏ1, சென்னை விமான நிலையச் சரக்குப் பிரிவுக்கு ஐஎன்எம்ஏஏ4 என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு. மாதிரிச் சரக்கை விமானத்திலும் பெரிய ஆர்டரைக் கப்பலிலும் அனுப்ப நினைப்பவர் இரண்டு இடங்களுக்கும் பதிவு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். அரசுச் சலுகைத் தொகையும் ஜிஎஸ்டி ரீஃபண்டும் வந்து சேரும் வங்கிக் கணக்கையும் இதே தளத்தில்தான் பதிகிறோம். அந்தக் கணக்கை அரசின் நிதி மேலாண்மைக் கணினி சரிபார்க்கும். பெயர் பொருந்தாவிட்டால் பணம் வராது. இனிஷியல் விஷயத்தில் நான் ஏன் அவ்வளவு மன்றாடினேன் என்பது இங்கே புரியும்.

அடுத்தது ஜிஎஸ்டி தளத்தில் எல்யூடி. இது ஒரு உறுதிமொழிப் பத்திரம், படிவம் ஆர்எஃப்டி-11. இதைக் கொடுத்தால் ஏற்றுமதிச் சரக்குக்கு வரி கட்டாமலே பில் போடலாம். கொடுக்காவிட்டால் வரியைக் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டும். சிறு முதலுக்கு அந்தப் பணம் மாதக்கணக்கில் முடங்குவது தாங்காது. ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

பொருளுக்கு ஏற்பத் தனிப் பதிவுகளும் உண்டு. மஞ்சள், மிளகாய், ஏலக்காய் அனுப்புகிறவர் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்றுமதியாளர் சான்றிதழ் பெற வேண்டும். பழம், காய்கறி, அரிசி போன்றவற்றுக்கு வேளாண் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான அபெடா. தோலுக்குச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தோல் ஏற்றுமதிக் கழகம். கைத்தறிக்கும் கழகம் சென்னையிலேயே இருக்கிறது. இவர்கள் தரும் உறுப்பினர் சான்றிதழை ஆர்சிஎம்சி என்பார்கள். வர்த்தகக் கொள்கையின் சலுகைகள் பலவற்றைக் கேட்க அது வேண்டும். எந்த வாரியத்திலும் அடங்காத பொருளுக்கு ஃபியோ என்னும் ஏற்றுமதியாளர் கூட்டமைப்பில் வாங்கலாம்.

ஒரு கிலோ, இரண்டு கிலோ அளவில் அனுப்பும் சிறு விற்பனையாளர்கள் இவ்வளவையும் பார்த்து மலைக்க வேண்டாம். தபால் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரங்கள் அவர்களுக்காகவே தொடங்கப்பட்டவை. தபால் ஏற்றுமதிப் பில்லை இணையத்திலேயே நிரப்பி, பார்சலைத் தபால் நிலையத்தில் கொடுத்தால் சுங்கப் பரிசோதனைக்கு அவர்களே அனுப்பிவிடுகிறார்கள். முதல் சில ஆர்டர்களுக்கு இந்த வழியையே நான் பரிந்துரைப்பேன்.

எண் இருந்தால் எதையும் அனுப்பலாமா?

கூடாது. ஐஇசி உங்களை அடையாளம் காட்டும், அவ்வளவே. எந்தப் பொருளுக்குத் தடை, எதற்குக் கட்டுப்பாடு என்பது சுங்க வகைப்பாட்டில் அந்தப் பொருளுக்குள்ள எண்ணான எச்எஸ் கோடைப் பொறுத்தது. உலகம் முழுவதும் முதல் ஆறு இலக்கங்கள் ஒன்றே. இந்தியாவில் அது எட்டு இலக்கமாக விரியும். மஞ்சளுக்கு அந்த ஆறு இலக்கம் 091030. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை விதித்தபோது, முறையான ஐஇசி வைத்திருந்த அரிசி வியாபாரிகளும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்; அந்தத் தடை 2024 செப்டம்பரில்தான் நீங்கியது. இறக்குமதியிலும் அப்படித்தான். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு பிஐஎஸ் தரச் சான்று கட்டாயம். அது இல்லாமல் சீனாவிலிருந்து பொம்மை வரவழைத்தால் ஐஇசி காப்பாற்றாது. ஆர்டருக்கு முன்பணம் வாங்குவதற்கு முன், கொடுப்பதற்கு முன், கோடைப் பார்த்துவிடுங்கள்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை

ஐஇசிக்குக் காலாவதி கிடையாது. ஆனால் 2021-இல் வந்த விதிப்படி, ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்குள் தளத்தில் நுழைந்து விவரங்களை உறுதிப்படுத்த வேண்டும். எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் ‘மாற்றமில்லை’ என்று உறுதி செய்தாக வேண்டும். இந்த மூன்று மாதங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. செய்யத் தவறினால் எண் முடக்கப்படும். பிறகு புதுப்பித்தால் மீண்டும் உயிர் பெறும் என்பது உண்மைதான். ஆனால் முடங்கியிருப்பது பெரும்பாலும் ஷிப்பிங் பில் போடும் நாளில்தான் தெரியவரும். அதற்குள் கன்டெய்னர் யார்டுக்கு வந்திருக்கும், வாடகை ஏறிக்கொண்டிருக்கும். எல்யூடி கொடுக்கும் அதே நாளில் இதையும் செய்துவிடும் பழக்கம் நல்லது. இரண்டும் நிதியாண்டின் தொடக்கத்து வேலைகள்தாம்.

உங்கள் எண்ணை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. புதிதாக ஐஇசி வாங்கியவரைத் தேடி இப்படி ஒரு பேச்சு வரும்: “உங்கள் எண்ணில் ஒரு கன்டெய்னர் இறக்கிக்கொள்கிறோம். எல்லாத் தாளும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கையெழுத்து மட்டும் போடுங்கள், கன்டெய்னருக்கு இவ்வளவு கமிஷன்.” வியாபாரம் இன்னும் சூடுபிடிக்காத நேரத்தில் அந்தத் தொகை பெரிதாகத் தெரியும். கேட்பவர் உறவினராகவோ பழகியவராகவோகூட இருப்பார்.

கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. இறக்குமதிக்கான சுங்கப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியில் மதிப்பைக் குறைத்துக் காட்டியிருக்கலாம், ஒரு பொருளைச் சொல்லி வேறொன்றை வைத்திருக்கலாம், தடை செய்யப்பட்ட பொருளே இருக்கலாம். பிடிபட்டால் அதிகாரிகள் முதலில் தட்டுவது ஐஇசியில் உள்ள முகவரியின் கதவை. நோட்டீஸ், சம்மன், வரி பாக்கி, அபராதம் எல்லாம் அந்தப் பெயருக்கே வரும். தனி உரிமையாளர் என்றால் அது உங்கள் சொந்தப் பான். அந்தக் கறை வீட்டுக் கடன் கேட்கும்போதும் வரிக் கணக்குக் கொடுக்கும்போதும் கூடவே வரும். உண்மையான உரிமையாளர் அதற்குள் கைபேசி எண்ணை மாற்றியிருப்பார். வேறொருவர் உண்மையிலேயே இறக்குமதி செய்ய விரும்பினால், அவருக்கும் ஐஇசி 500 ரூபாய்தான். அதை வாங்க மனமில்லாமல் உங்கள் எண்ணைக் கேட்கிறார் என்றால், அதற்கு நல்ல காரணம் இருக்க வழியில்லை.

நீங்கள் வேறொருவரோடு வியாபாரம் பேசும்போதும் டிஜிஎஃப்டி தளத்தில் எந்த ஐஇசியையும் பார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். எண்ணையும் நிறுவனப் பெயரையும் தட்டினால், அது செயல்பாட்டில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அந்தப் பக்கத்து எண்

சரக்கை வாங்குகிறவரின் நாட்டிலும் இதுபோல் ஓர் எண் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு ஈஓஆர்ஐ என்று பெயர். ஒன்றியத்தைவிட்டு விலகிய பிரிட்டன், ஜிபி என்று தொடங்கும் ஈஓஆர்ஐ எண்ணைத் தனியாகக் கேட்கிறது. ஜெர்மனி வாடிக்கையாளரின் எண்ணை வைத்து லண்டனில் சரக்கு இறக்க முடியாது. அமெரிக்காவில் இறக்குமதியாளரின் வரி எண்ணே சுங்கத்திலும் அவரை அடையாளம் காட்டும். வழக்கமாக இவை வாங்குபவரின் பொறுப்பு. ஆனால் அவருடைய வாசல்வரை வரியும் கட்டி நாமே கொடுப்பதாக டிடிபி முறையில் ஒப்புக்கொண்டால், அந்த நாட்டு இறக்குமதியாளர் பொறுப்பும் நம் தலையில் விழலாம். புதியவர்கள் அந்த முறையில் ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. ஆர்டர் உறுதியாகும் மின்னஞ்சலிலேயே வாங்குபவரின் எண்ணைக் கேட்டு வாங்கி, இன்வாய்ஸில் அவர் முகவரிக்குக் கீழே அச்சிடுங்கள்.

முதல் ஷிப்பிங் பில்

சுங்க முகவர் ஷிப்பிங் பில்லைச் சுங்கத்துறைக்கு அனுப்பும் முன் உங்களுக்கு ஒரு வரைவு அனுப்புவார். துறைமுகத்தில் அதைச் செக்லிஸ்ட் என்பார்கள். பெரும்பாலும் மாலை நேரத்தில், “சீக்கிரம் ஓகே சொல்லுங்கள்” என்ற செய்தியோடு கைபேசிக்கு வரும். கைபேசித் திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். அச்சிட்டு, இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பார்க்க வேண்டியவை இவை. ஐஇசி, நிறுவனப் பெயர், எந்தக் கிளை முகவரி என்பது. ஏடி கோடு நீங்கள் பதிந்ததுதானா என்பது. ஜிஎஸ்டி எண். எல்யூடியில் அனுப்புகிறீர்களா, வரி கட்டி அனுப்புகிறீர்களா என்ற குறிப்பு. எச்எஸ் கோடின் எட்டு இலக்கங்கள். டிராபேக் (கட்டிய சுங்க வரியைத் திரும்பத் தருவது) போன்ற சலுகைகள் அந்தப் பொருளுக்கு உண்டென்றால் அது கோரப்பட்டிருக்கிறதா என்பது. பில் போன பிறகு சேர்ப்பது பெரும் பாடு. நிகர எடை, மொத்த எடை, பெட்டிகளின் எண்ணிக்கை.

எல்லாவற்றுக்கும் மேலாக இன்வாய்ஸ் எண். ஷிப்பிங் பில்லில் உள்ள இன்வாய்ஸ் எண்ணும் தேதியும், மாதக் கடைசியில் ஜிஎஸ்டிஆர்-1 கணக்கில் நீங்கள் காட்டும் ஏற்றுமதி இன்வாய்ஸ் எண்ணும் தேதியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் 007 என்றும் மற்றோர் இடத்தில் 7 என்றும் இருந்தால், நடுவே ஒரு சாய்கோடு விடுபட்டால், வரி கட்டி அனுப்பிய சரக்கின் ரீஃபண்ட் எஸ்பி005 என்ற பிழைக் குறியோடு நின்றுவிடும். இன்வாய்ஸ் எண்ணை நீளமாகவும் அலங்காரமாகவும் வைக்காமல், வெறும் எண்களும் ஓரிரு எழுத்துகளும் மட்டும் கொண்டதாக முதல் இன்வாய்ஸிலிருந்தே வைத்துக்கொண்டால் இந்தப் பிழை வர வழியே இருக்காது.